ஐஸ் நிரப்பிய கார்: இன்டர்கூலரும் ஃபிராங்க் லாக்ஹார்ட்டும்

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தயக்கங்களையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் மட்டும் எடுத்திருக்கோம்.

சைக்கிளுக்கு நீங்களே காத்து அடிச்சிருக்கீங்களா? ரெண்டு காலையும் தரையில இருக்கற தட்டு மேல வச்சுக்கிட்டு, ரெண்டு கையால அழுத்துவோமே, அந்தப் பழைய பம்ப். ஒரு முப்பது தடவை அடிச்ச பிறகு பம்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. சுடும். சின்ன வயசுல அது உராய்வால வர்ற சூடுன்னு நினைச்சேன். உராய்வுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு. ஆனா முக்கியமான காரணம் வேற. காத்தை நெருக்கினா அது சூடாகும். உங்க கை போட்ட உழைப்பு காத்துக்குள்ள வெப்பமா போய்ச் சேருது.

போன எபிசோடுக்குப் பிறகு ஒருத்தர் கேட்டிருந்தார்: "சூப்பர்சார்ஜர் வச்ச காருக்குப் பெரிய இன்டர்கூலர் மாட்டினா போதுமா? பவர் ஏறிடுமா?" ஒரு வரியில பதில் சொல்லலாம்னுதான் உட்கார்ந்தேன். தேடிக்கிட்டே போனா, 1928-ல ஒரு கடற்கரையில போய் நின்னேன். அங்க ஒரு 25 வயசுப் பையன் இதே கேள்வியோட உயிரைப் பணயம் வச்சுக்கிட்டிருந்தார். அவர் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ரெண்டு மடங்குக்குக் காசு, ஒன்றரை மடங்கு சரக்கு

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம்.

எஞ்சினுக்கு பவர் தர்றது எரிபொருள். எரிபொருள் எரிய ஆக்சிஜன் வேணும். சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்தைத் திணிக்க முடியுதோ, அவ்வளவு எரிபொருளை எரிக்கலாம். சூப்பர்சார்ஜர் செய்யறது இதைத்தான். எஞ்சினோட சுழற்சியிலிருந்தே சக்தியை எடுத்து, காத்தை அழுத்தி உள்ள தள்ளும்.

வெளியில காத்து 30 டிகிரி செல்சியஸ்னு வைங்க. சூப்பர்சார்ஜர் அதோட அழுத்தத்தை ரெண்டு மடங்காக்குது. சூப்பர்சார்ஜரோட செயல்திறன் 65 சதவீதம்னா, வெளிய வர்ற காத்து கிட்டத்தட்ட 130 டிகிரியில இருக்கும். சூடான காத்து விரியும், அதாவது அதே இடத்துல குறைவான காத்துதான் இருக்கும். கணக்குப் போட்டா, அழுத்தம் ரெண்டு மடங்கு ஆனாலும் அடர்த்தி ஒன்றரை மடங்குதான் ஏறியிருக்கு. ரெண்டு கிலோவுக்குக் காசு கொடுத்துட்டு ஒன்றரை கிலோ அரிசியை வாங்கிட்டு வர்ற மாதிரி.

இப்போ அந்தக் காத்தை சிலிண்டருக்குப் போறதுக்கு முன்னாடி 60 டிகிரிக்கு ஆத்துனா? அடர்த்தி 1.8 மடங்கு ஆகும். குளிர்விக்கறதால மட்டும் 20 சதவீதத்துக்கு மேல லாபம். இன்னொரு லாபமும் இருக்கு. உள்ள போற காத்து ரொம்ப சூடா இருந்தா, பெட்ரோல் கலவை நேரத்துக்கு முன்னாடி தானாவே வெடிக்கும். நாக்கிங்னு சொல்றோமே, அது பிஸ்டனையே உடைச்சுடும். காத்து ஆறினா அந்த ஆபத்து தள்ளிப்போகும்.

இப்படி ஆத்தற கருவிதான் இன்டர்கூலர். இப்போ 1926-க்குப் போவோம்.

வேறொருத்தர் காரில் ஜெயிச்ச பையன்

1926-ல அமெரிக்காவோட இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்துக்குப் புது விதி வந்துச்சு: எஞ்சின் கொள்ளளவு 91.5 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நம்ம கணக்குல 1.5 லிட்டர். இன்னைக்குச் சாதாரண செடான் கார்ல இருக்கற அளவு. இந்த விதிக்காக லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஹாரி மில்லர் ஒரு எஞ்சின் செஞ்சார். வரிசையா எட்டு சிலிண்டர், பின்னாடி ஒரு சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர். அந்த சூப்பர்சார்ஜரோட சக்கரம், கிராங்க்ஷாஃப்ட்டை விட ஏறத்தாழ அஞ்சு மடங்கு வேகமா சுத்தும். எஞ்சின் நிமிஷத்துக்கு 7,000 சுத்து சுத்தினா, அந்தச் சக்கரம் 35,000. காரோட பெயர் மில்லர் 91.

அந்த வருஷம் ஃபிராங்க் லாக்ஹார்ட் இண்டியானாபொலிஸுக்கு வந்தது மாற்று ஓட்டுநரா. கலிஃபோர்னியாவுல மண் தடத்துல ஓட்டிப் பழகினவர், வயசு 23. பீட் கிரீஸ்ங்கற ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாம போக, அவரோட மில்லர் கார் லாக்ஹார்ட் கைக்கு வந்துச்சு. 20-வது இடத்திலிருந்து கிளம்பினார். மழையால பந்தயத்தை 400 மைல்ல நிறுத்தினப்போ, முதல் இடத்துல இருந்தது அவர்தான். முதல் முயற்சியிலேயே வெற்றி.

சாதாரணமா ஒரு ஓட்டுநரோட கதை இங்க கொண்டாட்டத்துல முடியும். லாக்ஹார்ட்டுக்கு ஓட்டறதை விட, கார் ஏன் இவ்வளவுதான் போகுதுங்கற கேள்விதான் பெருசா இருந்துச்சு. ஜான் வைசல், ஜீனஸ் வைசல்னு ரெண்டு சகோதரர்கள் அவரோட சேர்ந்தாங்க. ரெண்டு பேருக்கும் எஞ்சினியரிங் கணக்கு தெரியும். மூணு பேரும் மில்லர் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறா அலசினாங்க. சூப்பர்சார்ஜரிலிருந்து வர்ற சூடு அவங்க கண்ணுல பட்டுச்சு.

அவங்க செஞ்சது பார்க்க எளிமையான விஷயம். சூப்பர்சார்ஜருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல, வெளிப்பக்கம் வரிவரியா ஃபின் வச்ச ஒரு அலுமினியப் பெட்டி. சூடான கலவை அதுக்குள்ள போகும். கார் ஓடும்போது எதிர்க்காத்து அந்த ஃபின்களை உரசிக்கிட்டுப் போய் வெப்பத்தை எடுத்துக்கும். பம்ப் கிடையாது, தண்ணீர் கிடையாது, நகர்ற பாகம் எதுவும் கிடையாது.

விளைவு? 1927 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவோட முரோக் வறண்ட ஏரிக்கு அந்தக் காரைக் கொண்டுபோனார். இப்போ எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இருக்கற இடம். ஒரு திசையில மணிக்கு 171 மைல், ரெண்டு திசைச் சராசரி 164 மைல், அதாவது 264 கிலோமீட்டர். எஞ்சின் 1.5 லிட்டர்ங்கறதை மறந்துடாதீங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஹென்றி சீக்ரேவ் டேடோனா கடற்கரையில 203.79 மைல் வேகத்துல உலக சாதனை படைச்சிருந்தார். அவர் கார்ல இருந்தது ரெண்டு விமான எஞ்சின், மொத்தம் 45 லிட்டர்.

அடுத்த மாசம் இண்டியானாபொலிஸ். லாக்ஹார்ட் முதல் இடத்திலிருந்து கிளம்பி, முதல் 81 சுற்றும் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. 120-வது சுற்றுல கனெக்டிங் ராட் உடைஞ்சு போச்சு.

இந்த ராட் விஷயத்தை மனசுல வச்சுக்கங்க. சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. டேட்டாபேஸ் மெதுவா இருக்குன்னு அதைச் சரிபண்ணுவோம், உடனே அது வரைக்கும் சும்மா இருந்த நெட்வொர்க் திணறும். நெருக்கடி ஒழியறதில்லை, இடம் மாறிடுது. அந்த ராட் எதனால உடைஞ்சதுன்னு நான் தீர்ப்பு சொல்லல. ஆனா கூடுதலா எரியற ஒவ்வொரு துளியோட விசையும் பிஸ்டன் வழியா ராட்டுக்குத்தான் வந்து சேரும்.

மூணு லிட்டர் எதிர் 81 லிட்டர்

அப்புறம்தான் அவருக்கு அந்தப் பெரிய ஆசை வந்துச்சு: உலகத்துலயே வேகமான கார். ஸ்டட்ஸ் கார் நிறுவனத்தோட ஆதரவு கிடைச்சது. ரெண்டு மில்லர் 91 எஞ்சினைப் பக்கத்துப் பக்கத்துல இணைச்சு 16 சிலிண்டர், மொத்தம் 3 லிட்டர், ரெண்டு சூப்பர்சார்ஜர். காரோட பெயர் பிளாக் ஹாக்.

எதிர்ல இருந்தவங்களைப் பாருங்க. மால்கம் கேம்ப்பெல், நேப்பியர் விமான எஞ்சின் பொருத்தின புளூ பேர்டோட வந்திருந்தார். ரே கீச் ஓட்டின வைட் டிரிப்ளெக்ஸ்ல மூணு லிபர்ட்டி விமான எஞ்சின், மொத்தம் 81 லிட்டர். லாக்ஹார்ட்டோட எஞ்சின் தந்தது 400 குதிரைத்திறனுக்கும் குறைவு. டிரிப்ளெக்ஸ்ல ஒரே ஒரு எஞ்சின் மட்டுமே அந்த அளவு தரும்.

குறைஞ்ச பவர்ல அந்த வேகத்துக்குப் போகணும்னா காத்தோட எதிர்ப்பைக் குறைக்கணும். வேகம் ரெண்டு மடங்கானா, காத்தைக் கிழிக்கத் தேவையான பவர் எட்டு மடங்காகும். அதனால மாதிரி செஞ்சு காத்துச் சுரங்கத்துல சோதிச்சாங்க. உடம்பை ஒடுக்கினாங்க, சக்கரங்களுக்குத் தனித்தனி உறை போட்டாங்க. இங்கதான் குளிர்விக்கறதுல ஒரு சிக்கல் வருது. ரேடியேட்டர்னா காத்து உள்ள போகணும். காத்து உள்ள போனா எதிர்ப்பு ஏறும். குளிர்ச்சிக்கு நாம கொடுக்கற விலை அதுதான்.

லாக்ஹார்ட் ரெண்டு வழி கண்டுபிடிச்சார். இன்டர்கூலரைத் தனிப் பெட்டியா வைக்காம, பானட்டோட மேல்பரப்பாவே ஆக்கினார். ஃபின் வச்ச அந்தப் பரப்பு மேல எப்படியும் காத்து ஓடத்தான் போகுது, அதையே பயன்படுத்திக்கிட்டார். எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரையே எடுத்துட்டு, ஒரு தொட்டி நிறைய ஐஸ் போட்டார். சாதனை ஓட்டம் சில நிமிஷம்தான். அதுவரைக்கும் ஐஸ் தாங்கினா போதும்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. எவ்வளவு நேரம் தாங்கணும்னு முதல்ல கேட்டுட்டு, அதுக்கு அளவா வடிவமைச்சிருக்கார்.

1928 பிப்ரவரி 19: கேம்ப்பெல் டேடோனாவுல 206.956 மைல். மூணு நாள் கழிச்சு லாக்ஹார்ட் இறங்கினார். மழையும் மூடுபனியுமான நாள். அதிவேகத்துல போன கார் கட்டுப்பாட்டை இழந்து உருண்டு கடலுக்குள்ள போச்சு. அலை மேல அடிக்க, கார்ல சிக்கிக்கிட்டிருந்தவரைக் கரையில இருந்தவங்க இழுத்துக் காப்பாத்தினாங்க.

ஏப்ரல்ல காரைச் சரிபண்ணிக்கிட்டுத் திரும்ப வந்தார். 22-ஆம் தேதி ரே கீச் 207.55 மைல்னு சாதனையை இன்னும் கொஞ்சம் தூக்கி வச்சுட்டார். 25-ஆம் தேதி காலையில லாக்ஹார்ட் ஓட்டத்தைத் தொடங்கினார். 200 மைலை ஒட்டின வேகத்துல பின்பக்க வலது டயர் வெடிச்சது. கார் மணல்ல பல்டி அடிச்சு நொறுங்கி, அவரைத் தூக்கி எறிஞ்சது. கூட்டத்துல அவர் மனைவியும் இருந்தாங்க. 25 வயசு முடிஞ்சு 17 நாள்.

எஞ்சின் ஏமாத்தல. இன்டர்கூலர் ஏமாத்தல. ஐஸ் திட்டமும் வேலை செஞ்சது. தரையைத் தொட்டுக்கிட்டிருந்த ரப்பர்தான் தாங்கல.

அதே பிரச்சினை, ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில்

1930-ல இண்டியானாபொலிஸ் விதி மாறி, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு சூப்பர்சார்ஜர் தடை ஆச்சு. அதே காலத்துல சூப்பர்சார்ஜரை வேகமா வளர்த்துக்கிட்டிருந்தது விமான உலகம். அங்க காரணம் வேற: மேல போகப் போகக் காத்து மெலிசாகும், எஞ்சின் மூச்சுத் திணறும்.

1941 கடைசியில ஜெர்மனியோட ஃபோக்கவுல்ஃப் 190 போர் விமானம் வந்தப்போ, பிரிட்டனோட ஸ்பிட்ஃபயர் 5-ஆல அதுக்கு ஈடு கொடுக்க முடியல. விமானிகள் செத்துக்கிட்டிருந்தாங்க. பதில் ரோல்ஸ்-ராய்ஸ் கிட்ட ஏற்கனவே பாதி தயாரா இருந்துச்சு. உயரமா பறக்கற வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்துக்காக அவங்க மெர்லின் எஞ்சினுக்கு ரெண்டு கட்ட சூப்பர்சார்ஜர் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. முதல் சக்கரம் அழுத்தினதை ரெண்டாவது சக்கரம் இன்னும் அழுத்தும். இதுக்குப் பின்னாடி இருந்தவர் ஸ்டான்லி ஹூக்கர், 1938-ல ரோல்ஸ்-ராய்ஸ்ல சேர்ந்த ஒரு கணிதக்காரர்.

ஆனா ரெண்டு தடவை அழுத்தினா ரெண்டு தடவை சூடு. 30,000 அடியில வெளிக்காத்து மைனஸ் 44 டிகிரி. அதை ஆறு மடங்கு அழுத்தினா, 70 சதவீதச் செயல்திறன்னு வச்சு நான் போட்ட கணக்குல 175 டிகிரி வருது. வெளியில உறைபனி, குழாய்க்குள்ள அடுப்பு.

எஞ்சினோட கூலன்ட்டாலயே இதைக் குளிர்விக்க முடியாதா? சரியா முடியாது. அந்தத் தண்ணியே கொதிநிலைக்குப் பக்கத்துல இருக்கும். கொதிக்கற பாத்திரத்துல வச்சு டீயை ஆத்த முடியுமா? அதனால மெர்லின் 61-ல தனி ஏற்பாடு: தனி கூலன்ட், தனி பம்ப், தனி ரேடியேட்டர். ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல சூப்பர்சார்ஜரோட உறையிலயும், அதுக்குப் பிறகு ஒரு பெட்டியிலயும் கலவை ஆறும். எஞ்சின் நீளமாச்சு, எடை கூடுச்சு. அது வரைக்கும் ஒரு இறக்கைக்கு அடியில பெரிய ரேடியேட்டரும் இன்னொண்ணுல சின்ன ஆயில் கூலரும் இருந்த ஸ்பிட்ஃபயருக்கு, ரெண்டு பக்கமும் சம அளவுல பெரிய ரேடியேட்டர் பெட்டி வந்துச்சு. 1942 கோடையில இந்த ஸ்பிட்ஃபயர் 9, 64-ஆம் படைப்பிரிவுக்குக் கிடைச்சது. 30,000 அடியில பழைய மெர்லின் 45-ஐ விட ஏறத்தாழ 300 குதிரைத்திறன் அதிகம், வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 70 மைல் அதிகம்.

அதிகமா குளிர்ந்தாலும் ஆபத்து

இன்னொரு விமானத்தையும் சொல்லியே ஆகணும். அமெரிக்காவோட பி-38 லைட்னிங். ஆரம்பத்துல அதோட இன்டர்கூலர் இறக்கையோட முன்விளிம்புக்குள்ளயே இருந்துச்சு. லாக்ஹார்ட்டோட பானட் யோசனை மாதிரியே, எதிர்ப்பு இல்லாத அழகான ஏற்பாடு. எஞ்சினோட பவர் ஏற ஏற அது போதாமப் போச்சு. 1943-ல வந்த ஜே ரகத்துல, எஞ்சினுக்கு முன்னாடி தாடைக்கு அடியில பெரிய இன்டர்கூலர் வச்சாங்க. இறக்கையில காலியான இடத்துல எரிபொருள் தொட்டி வந்துச்சு. எல்லாமே லாபம் மாதிரி தெரிஞ்சது.

ஆனா இங்கிலாந்திலிருந்து குளிர்காலத்துல, உயரத்துல, குறைஞ்ச பவர்ல நீண்ட நேரம் பறந்தப்போ காத்து தேவைக்கு மேல குளிர்ந்தது. எரிபொருள் சரியா ஆவியாகாம, சிலிண்டருக்குச் சிலிண்டர் கலவை மாறுச்சு. எஞ்சின்கள் பழுதாச்சு, எதிரி எல்லைக்கு மேல. பெரிய இன்டர்கூலர் போட்டா போதுமான்னு கேட்டவருக்கு, போதாதுங்கறதுக்கு இதுவே ஒரு சாட்சி.

இன்னைக்கு உங்க காரில்

இன்னைக்கு சூப்பர்சார்ஜர் வச்ச பல கார்கள்ல இருக்கறது மெர்லினோட ஏற்பாடுதான். தனித் தண்ணி, தனி பம்ப், முன்னாடி ஒரு தனி ரேடியேட்டர். லாக்ஹார்ட்டோட ஐஸ் தொட்டியும் சாகல. கால் மைல் டிராக் ரேஸ் ஓட்டறவங்க இன்னமும் இன்டர்கூலர் தண்ணித் தொட்டியில ஐஸ் கொட்டுவாங்க. அவங்களுக்கு வேண்டியதும் சில நொடிதான். 2018-ல வந்த டாட்ஜ் டீமன், ஏசியோட குளிர்ச்சியையே திருப்பி இந்தத் தண்ணியைக் குளிர்விக்கற வசதியோட வந்துச்சு.

உங்க கார்ல மேம்படுத்தணும்னா, நான் இந்த வரிசையில பார்ப்பேன். முதல்ல அளந்து பாருங்க. ஓபிடி கருவி போட்டு, எஞ்சினுக்குள்ள போற காத்தோட வெப்பநிலையை டிராஃபிக்ல, ஹைவேல, ரெண்டு மூணு தடவை முழு ஆக்சிலரேட்டர் கொடுத்த பிறகுன்னு தனித்தனியா குறிச்சுக்கங்க. முதல் தடவை நல்லா இருந்து மூணாவது தடவை ஏறினா, தண்ணி சூடேறிப் போச்சுன்னு அர்த்தம். வெப்பத்தை வெளிய தள்ற முன் ரேடியேட்டர் பத்தல, இல்லைன்னா பம்ப் போதுமான தண்ணியைச் சுத்த விடல. முதல் தடவையே ஏறினா, இன்டர்கூலருக்குள்ள இருக்கற தடையைப் பாருங்க. குழாய்ல காத்துக் குமிழி சிக்கியிருக்கலாம். முன் ரேடியேட்டரோட ஓரத்துல இடைவெளி இருந்தா, காத்து அதுக்குள்ள போகாம சுத்திப் போயிடும். அதை அடைக்க ஆகற செலவு ரொம்பக் குறைவு.

ஒண்ணு மட்டும் எந்தக் கருவியாலயும் மாறாது. ஐஸோ ஏசியோ இல்லாம, வெளிக்காத்தை விடக் குளிர்ச்சியா காத்தைக் கொண்டுவர முடியாது. மே மாசம் மத்தியானம் சென்னையில 40 டிகிரி இருந்தா, உங்க கணக்கு 40-லதான் ஆரம்பிக்குது.

எல்லாம் சரியாகி பவர் ஏறினதுக்கு அப்புறம், இன்னொரு தடவை காரைச் சுத்தி நடந்து வாங்க. பிரேக், கிளட்ச். டயரைக் குனிஞ்சு பாருங்க. அது தயாரிச்ச வாரமும் வருஷமும் அதோட பக்கத்துலயே நாலு இலக்கத்துல எழுதியிருக்கும்.

கடைசியா ஒண்ணு. பிளாக் ஹாக்கோட உடம்பு அந்த மணல்லயே நொறுங்கிப் போச்சு. எஞ்சின் பிழைச்சது. பத்து வருஷத்துக்கு மேல கழிச்சு, 1939-ல, அந்த 16 சிலிண்டர் எஞ்சின் சாம்ப்சன் ஸ்பெஷல்ங்கற கார்ல ஏறி இண்டியானாபொலிஸ்ல ஓடுச்சு. அதுக்கு அடுத்த வருஷம் ஆறாவதா வந்துச்சு. லாக்ஹார்ட் கணக்குப் போட்ட பகுதி எல்லாம் அவரை விட அதிக நாள் வாழ்ந்தது.

உங்க கார்ல அளந்த எண்களை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்ந்து பார்ப்போம். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.